சென்னையில் ஒரு வீடு: மூணு கணக்கு

2025 மே மாசத்தோட அப்பா ரிடையர் ஆயிட்டார். ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில 26 வருஷ வேலை. பி.எஃப். பணம் கைக்கு வரப்போகுதுன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து எங்க வீட்டுல ஒரே பேச்சுதான். சென்னையில அக்காவுக்கு ஒரு வீடு வாங்கணும். அப்பா முன்பணம் போடுவார், அக்கா பேர்ல பேங்க் லோன். இதுவரைக்கும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே வாங்கறதுங்கற இடத்துலதான் சண்டை ஆரம்பிச்சது.

அக்காவுக்கு சோழிங்கநல்லூர்ல ஆபீஸ். அப்பா பார்த்து வச்ச வீடு திருவள்ளூர்ல! ரெண்டு பெட்ரூம், தனி வீடு, முன்னால முருங்கை மரம் வைக்கிற அளவு இடம். அக்கா பார்த்தது திருவான்மியூர்ல 25 வருஷப் பழைய ஃப்ளாட். ஒரே பெட்ரூம், மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பரப்பு பாதி, விலை அதிகம்.

அப்பா ஏன் திருவள்ளூர்ல நின்னார்னு எனக்குப் புரிஞ்சது. நம்ம ஊர்க்காரங்களுக்கு சென்னைன்னா ஜோலார்பேட்டையில ஏறி, காட்பாடி, அரக்கோணம் வழியா போற ஊர். அந்த லைன்லயே திருவள்ளூர் வந்துடுது. தென்னிந்தியாவுல முதல்முதலா 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடினது இந்தப் பாதையிலதான். "நாங்க வந்து போக சுலபம்மா"ன்னார் அப்பா. "நீங்க மாசத்துக்கு ஒரு தடவை வருவீங்கப்பா, நான் தினம் போகணுமே"ன்னா அக்கா. அன்னிக்குச் சாப்பாட்டுல யாரும் பேசலை.

சரி, உணர்ச்சிவசப்படாம ஒரு நோட்டு எடுத்து எழுதிப் பார்ப்போம்னு நான் உட்கார்ந்தேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு வீட்டுல அதுக்காவது ஒரு மரியாதை வேணாமா :-)

முதல் கணக்கு: தண்ணி

2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு சென்னையோட நாலு ஏரியும் வறண்டு போச்சு. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து 50 வேகன்ல சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணி வில்லிவாக்கம் போய்ச் சேர்ந்தது. நான் அப்போ ஸ்கூல் பையன். நமக்கே குழாயில அளந்துதான் வரும், அந்தத் தண்ணி சென்னைக்கு ரயிலேறிப் போகுதேன்னு தெருவுல பெரியவங்க பேசிக்கிட்டது ஞாபகம் இருக்கு.

அதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர்ல, அதே ஊர் தண்ணியில மூழ்கிச்சு. முடிச்சூர், வேளச்சேரி பக்கம் படகுல ஆளுங்களை மீட்டாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல மறுபடியும் வேளச்சேரி, பள்ளிக்கரணை. அதனால நகரம் பாதுகாப்பு, புறநகர் ஆபத்துன்னோ இல்லை அப்படியே மாத்தியோ ஒரே வரியில சொல்ல முடியாது. ஏரிக்கும் சதுப்புக்கும் பக்கத்துலயா இல்லையாங்கறதுதான் விஷயம்.

அதனால வீடு பார்க்கப் போன ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டே கேள்வி கேட்டோம். 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்தது? 2019-ல தண்ணி எங்கேர்ந்து வந்தது? புரோக்கர்கிட்ட கேட்டா "இங்க பிரச்சனையே இல்ல சார்"னுதான் வரும். வாட்ச்மேன்கிட்டயும், கீழ் வீட்டு அம்மாகிட்டயும், மூலைக்கடை அண்ணாச்சிகிட்டயும் கேட்கணும். வீடு வாங்கப் போற யாரா இருந்தாலும் இந்த ரெண்டு கேள்வியைக் கடன் வாங்கிக்கலாம்.

நாங்க கேட்ட வரைக்கும் ரெண்டு வீடுமே பாஸ். சண்டை தீரலை.

ரெண்டாவது கணக்கு: பணம்

20 வருஷத்துக்கு 40 லட்சம் கடன், வட்டி 8.5 சதவீதம்னு வச்சுக்குங்க. மாசத் தவணை சுமார் 34,700 ரூபாய். 240 மாசம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 83 லட்சத்தைத் தாண்டிடுது. அதாவது ஒரு வீடு நமக்கு, இன்னொண்ணு பேங்குக்கு. வட்டி அதே, தவணைக் காலமும் அதேன்னா, கடன்ல பத்து லட்சம் குறைஞ்சா மாசம் சுமார் 8,700 ரூபாய் மிச்சம். பழைய ஃப்ளாட்டோ தனி வீடோ, முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்னு பத்திரச் செலவு 9 சதவீதம் வருது. அது பொதுவா லோன்ல சேராது, கையிலேர்ந்து போகணும்.

ஃப்ளாட் வாங்கறவங்க இன்னொண்ணும் பார்க்கணும். நம்ம பேருக்கு எழுதற பிரிக்கப்படாத மனை எவ்வளவு? யு.டி.எஸ்.னு சொல்வாங்க. ரெண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி நிலத்துல 12 ஃப்ளாட்டும் ஒரே அளவுல இருந்தா ஆளுக்கு 400 சதுர அடி மண். அதே நிலத்துல 24 ஃப்ளாட்னா 200 தான். கட்டடத்துக்கு வயசாகும், மண்ணுக்கு ஆகாது. மாடி கம்மியா கட்டின பழைய ஃப்ளாட்டுங்கள்ல இந்தப் பங்கு கொஞ்சம் கூடுதலா இருக்கும்.

திருவள்ளூர்ல மொத்த மண்ணும் நம்முதுதான். பணக் கணக்குல அப்பா ஜெயிச்சுட்டார். சந்தேகமே இல்லை. முகத்துல ஒரு சிரிப்பு வேற.

மூணாவது கணக்கு: நேரம்

திருவள்ளூர்லேர்ந்து சென்ட்ரல் 42 கிலோமீட்டர். லோக்கல் ரயில், அப்புறம் பார்க் டவுன்ல ஏறி திருவான்மியூர் வரைக்கும் பறக்கும் ரயில், அங்கேர்ந்து ஓ.எம்.ஆர். பஸ். அக்கா ஒருநாள் போய்ப் பார்த்தா. ஒரு வழிக்கு ரெண்டே முக்கால் மணி நேரம். திருவான்மியூர்லேர்ந்து போனா முக்கால் மணி நேரம். வித்தியாசம் போக வர நாலு மணி நேரம்.

"வாரத்துல மூணு நாள்தானம்மா ஆபீஸ்?" இது அப்பாவோட பதில். 2020-ல லாக்டவுன்ல அக்கா ரெண்டு வருஷம் இங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தா. அந்த நினைப்பு அவருக்கு இன்னும் போகலை. சரின்னு மூணு நாளே போட்டேன். வருஷத்துக்கு 150 நாள், நாலு மணி நேரம், மொத்தம் 600 மணி நேரம். முழுசா 25 நாள், இராத்திரி பகலா வண்டியிலேயே.

"நான் போய் வரலையா? 26 வருஷம் கம்பெனி பஸ்ல போனேனே, தேய்ஞ்சா போயிட்டேன்?"

அவர் சொன்னதும் உண்மைதான். இருட்டு பிரியறதுக்குள்ள திருப்பத்தூர்ல ஏறுவார். ஊர் ஊரா நின்னு வேலைக்குப் போற பொண்ணுங்களை ஏத்திக்கிட்டு, வாணியம்பாடி தாண்டி ஆம்பூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு ஒன்றரை.

நான் எதுவும் பேசாம அதையும் எழுதினேன். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம். வருஷத்துக்கு 300 நாள். 26 வருஷம். 23,400 மணி நேரம். நாளா மாத்தினா 975. அதாவது ரெண்டு வருஷம் எட்டு மாசம் அப்பா பஸ்லயே வாழ்ந்திருக்கார்.

நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். பேசாம ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்படியிலேர்ந்து அம்மாதான் சொன்னாங்க. "இதுங்க ரெண்டும் தூங்கும்போதுதான் நீங்க பார்த்திருக்கீங்க. சின்னவன் உங்களை ஞாயித்துக்கிழமை அப்பான்னுதானே சொல்லுவான்." அந்தச் சின்னவன் நான்தான். எனக்கு அது ஞாபகம்கூட இல்லை.

அப்புறம் அப்பா ஒரு விஷயம் சொன்னார். 1999-ல வேலைக்குச் சேர்ந்தப்போ ஆம்பூர்லயே வீடு எடுக்கலாம்னு அம்மா கேட்டிருக்காங்க. இவர்தான் வேணாம்னுட்டார். பாலாறும் சுத்துவட்டாரக் கிணறுகளும் தோல் ஷாப் கழிவால கெட்டுப் போயிருந்த காலம். 1996-ல உச்ச நீதிமன்றமே தோல் ஷாப் ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டிருந்தது. 2025 ஜனவரியில மறுபடியும் இழப்பீடு பத்தி தீர்ப்பு வந்திருக்குன்னா அந்தப் பிரச்சனை எவ்வளவு பழசுன்னு பாருங்க. "குழந்தைங்க அந்தத் தண்ணியைக் குடிக்க வேணாம்னு நினைச்சேன். அதுக்கு நான் கொடுத்த விலை இது"ன்னு நோட்டைத் தட்டினார். "தெரிஞ்சுதான் கொடுத்தேன். ஆனா இவ எதுக்குக் கொடுக்கணும்? ஒரு முருங்கை மரத்துக்கா?"

அதுக்கப்புறம் யாரும் வாதம் பண்ணலை.

திருவான்மியூர் ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்து, தாய்ப் பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டியாச்சு. இதுல இழப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தவணை கூடுதல். அம்மாவுக்கு முட்டி வலி, மூணு மாடி ஏறணும். அப்பா அம்மா போனா ஹால்லதான் படுக்கணும். வயசான காலத்துல அங்க போய் இருக்கலாங்கற அப்பாவோட பழைய ஆசை இனிமே நடக்காது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லலை.

எல்லாருக்கும் நகரம்தான் சரின்னும் நான் சொல்ல வரலை. அக்காவுக்கு அம்பத்தூர்ல ஆபீஸ்னா அப்பா சொன்னதுதான் சரி, நானும் திருவள்ளூருக்கே ஓட்டு போட்டிருப்பேன். அந்த அம்பத்தூரே 2011 வரைக்கும் தனி நகராட்சி, அப்புறம்தான் சென்னை மாநகராட்சிக்குள்ள வந்தது. எது புறநகர், எது நகரம்ங்கறது மாறிக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு 24 மணி நேரம்ங்கறது மட்டும் மாறலை. சதுர அடி, விலை எல்லாம் பத்திரத்துல இருக்கும். வீட்டுல ஒருத்தர் தினமும் வண்டியில கொடுக்கப் போற மணி நேரம் எந்தப் பத்திரத்துலயும் இருக்காது. அதை நாமதான் எழுதிப் பார்க்கணும்.

போன வாரம் அப்பா சந்தையிலேர்ந்து ஒரு முருங்கைக் கொம்பு வாங்கிட்டு வந்து நம்ம வீட்டுக் கொல்லையில நட்டார். துளிர் விட்டாச்சு.