கல்வராயன் மலையேறப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் காலண்டரைப் பாருங்கள்!

சங்கராபுரம் பக்கத்து இளம் விவசாயிகள் சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள்: ‘மாசி மாதம் கரும்பு வெட்டு முடிந்ததும் ஆறு பேர் சேர்ந்து கல்வராயன் மலையில் இரண்டு நாள் நடந்துவிட்டு, ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றிருக்கிறோம். என்னென்ன சாமான் வாங்க வேண்டும்?’

நல்ல ஆசை. சாமான் பட்டியல் பின்னால் வருகிறது. அதற்கு முன், குறித்திருக்கும் மாதத்தை மாற்றிவிடுங்கள். பருவம் தவறி விதைத்தால் விதை நல்லதாக இருந்தும் பயன் இல்லை. மலைப் பயணமும் அப்படித்தான்.

நம் தலைமாட்டில் இருக்கும் மலை

சங்கராபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற நீலக்கோடுதான் கல்வராயன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினால் சாலை மலையேறத் தொடங்கும். மேலே வெள்ளிமலை. அந்தப் பக்கம் சேலம் மாவட்டத்தில் கருமந்துறை.

ஊட்டி, கொடைக்கானல் போல இது உயரமான மலை அல்ல. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 முதல் 1,200 மீட்டர் வரைதான். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, சமவெளியைவிட 4 முதல் 6 டிகிரி குறைவாக இருக்கும். பகலில் சட்டை போதும்; தை மாத இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

இது ஆளில்லாத காடும் அல்ல. மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் ஊர்கள் மலை முழுக்க இருக்கின்றன. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. சாமை, மரவள்ளி, கடுக்காய், புளி எல்லாம் இங்கிருந்து நம் சந்தைக்கு இறங்கி வருகின்றன. நீங்கள் நடக்கப்போவது இன்னொரு விவசாயியின் வரப்பு என்பதை நினைவில் வையுங்கள். கதிர் முற்றி நிற்கும் சாமைக் காட்டின் குறுக்கே ஆறு பேர் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எந்த மாதம்?

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மேலே எங்கோ பெய்த மழை, வெயில் அடிக்கும் இடத்தில்கூட ஓடையைத் திடீரென்று பெருக்கிவிடும். மாசி, பங்குனி கட்டாயம் வேண்டாம். மரங்கள் இலை உதிர்த்து, புல் காய்ந்து, மலை முழுக்க வைக்கோல் பரப்பியதுபோல் கிடக்கும் காலம் அது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளும்கூட, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம் என்று மூடப்படுகின்றன.

மார்கழி பாதியிலிருந்து தை முடிவதற்குள் போய்விட்டு வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், புல்லில் ஈரம் இருக்கும். கரும்பு வெட்டு அதற்குள் முடியவில்லையென்றால், அடுத்த தைக்குத் தள்ளிப்போடுங்கள்.

அனுமதி

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் வனச்சட்டப்படி குற்றம். கள்ளக்குறிச்சியில் வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய், எந்த வழி, எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஊருக்கு ஊர் போகும் சாலையிலும் வண்டித்தடத்திலும் நடங்கள். அந்த நடையே போதுமான அளவு அழகு. உள்ளூர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூலி கொடுத்து அழைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓடையில் வழுக்கும், எந்தப் பாறையில் தேனடை இருக்கும் என்பது எந்த செல்போன் வரைபடத்திலும் இல்லை.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கை உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் நடை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் மூன்றரை மணி. நம் வெயிலுக்கும் முதுகுச் சுமைக்கும் பாதியைக் கூட்டினால் ஐந்து மணிக்கு மேல். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பகல் 12 மணிக்குள் சேர வேண்டிய இடம் சேரலாம். தை மாதம் மாலை 6 மணிக்கு மேல் சீக்கிரமே இருட்டிவிடும். இத்தனை மணிக்குப் போய்ச் சேராவிட்டால் திரும்பிவிடுவோம் என்று கிளம்பும்போதே ஆறு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். மேலே போய்ப் பேசினால் வீம்புதான் ஜெயிக்கும்.

எதை வாங்குவது, எதை வீட்டிலிருந்து எடுப்பது?

காசு செலவு செய்ய வேண்டியது மூன்று பொருளுக்குத்தான்.

முதலாவது, ஷூ. அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் ஷூ. மாலையில் போய் வாங்குங்கள்; நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில்தான் சரியான அளவு தெரியும். விரல் நுனிக்கு முன் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். புது ஷூவோடு மலையேறாதீர்கள். இரண்டு வாரம் வயலுக்கும் வீட்டுக்கும் போட்டு நடந்து பழக்குங்கள்.

இரண்டாவது, தலையில் மாட்டும் பேட்டரி விளக்கு. இரவில் தண்ணீர் கட்டப் போகும்போது மாட்டுவீர்களே, அதேதான். ஆளுக்கு ஒன்று வேண்டும். செல்போன் விளக்கை நம்ப வேண்டாம். ஆபத்தில் பேசுவதற்கு அதில் சார்ஜ் இருக்க வேண்டும்.

மூன்றாவது, முதுகுப்பை. 16 லிட்டர் கைத்தெளிப்பானை நிரப்பித் தூக்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெல்லிய வார் தோளை அறுக்கும். பட்டையான வாரும், இடுப்பில் கட்டும் பெல்ட்டும் உள்ள பை வாங்குங்கள். பாரத்தை இடுப்பு தாங்க வேண்டும். கனமான பொருளை முதுகை ஒட்டி வையுங்கள். மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மற்றவை வீட்டிலேயே இருக்கின்றன. தார்ப்பாய் எடுக்கும்போது மட்டும் கணக்குப் பாருங்கள். நெல் காயவைக்கும் 250 ஜிஎஸ்எம் தார்ப்பாய், 12-க்கு 15 அடி என்றால் 4 கிலோவுக்கு மேல். 90 ஜிஎஸ்எம்மில் 8-க்கு 10 அடி என்றால் முக்கால் கிலோகூட வராது. துண்டு, கம்பளி, தொப்பி, ஒரு கைத்தடி போதும்.

கிணற்றுக் கயிற்றையோ மாட்டுக் கயிற்றையோ நம்பிப் பாறை ஏறாதீர்கள். ஆள் விழும் வேகத்தைத் தாங்கும் கயிறு வேறு. அதற்குப் பயிற்சியும் வேறு. அருவிப் பாறைகளில் பாசி வழுக்கும். மேகம் அருவியோ பெரியார் அருவியோ, கீழே நின்று பாருங்கள்; மேலே ஏறிப் பார்க்க வேண்டாம்.

தண்ணீரும் சாப்பாடும்

நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர் தண்ணீர் கணக்கு. பூச்சிமருந்து கேனைக் கழுவி அதில் தண்ணீர் எடுக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது விஷக்கேன்தான். தொடவே தொடாதீர்கள். ஓடைத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் மேலே மாடு இறங்கியிருக்கும். ஊரில் வாங்கிக் காய்ச்சியோ, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி கழித்தோ குடியுங்கள்.

முதல் நாளுக்குப் புளிச்சோறு. பிறகு அவல், வெல்லம், நிலக்கடலை, பொரிவிளங்காய் உருண்டை. கொண்டுபோகும் பிளாஸ்டிக் அத்தனையும் பையில் திரும்பி வரட்டும்.

இரவில் எங்கே?

காட்டுக்குள் வேண்டாம். ஊரில் கேட்டு, பட்டா நிலத்தில் மேடான இடத்தில் தங்குங்கள். ஓடைக் கரையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் தூங்குபவர்களைத்தான் கடிக்கும். கடித்த இடம் வலிக்காமலும் இருக்கும். ஜிப் முழுதாக மூடும் கூடாரமோ, கயிற்றுக்கட்டிலோ, கொசுவலையை ஓரம் சொருகிய படுக்கையோ நல்லது. பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-க்கு அழையுங்கள். சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. போகும் வழியும் திரும்பும் நேரமும் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஈரப் புல்லில் வெறுமனே படுக்காதீர்கள். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ‘மலைக்குப் போய் வந்தேன்’ என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும்.

நெருப்பு மட்டும் வேண்டாம்

கடைசியாக, கூடாரத்துக்கு முன் ‘கேம்ப் ஃபயர்’ போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அணைக்காமல் எறிந்த ஒரு பீடி போதும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். எங்காவது தீ தெரிந்தால் மேல்நோக்கி ஓடாமல், உழுத நிலம், பாறைத் திட்டு, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடம் இவற்றில் ஒன்றுக்குப் போங்கள். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும். ஈரம் சீக்கிரம் காயும் என்று அதை எடுத்துப்போனாலும், அடுப்புப் பக்கம் போகும்போது பருத்தித் துணியே நல்லது.

எரிவது அங்குள்ளவர்களின் கடுக்காயும் தேனும் மட்டும் அல்ல. கோமுகியும் மணிமுக்தாவும் அந்தச் சரிவுகளில் பிறந்துதான் நம் அணைகளுக்கு வருகின்றன. புல் எரிந்து மொட்டையான சரிவில் அடுத்த மழை விழுந்தால், மேல்மண் கரைந்து அணையில் வண்டலாகப் படியும். அந்த அளவுக்கு அணையில் தண்ணீர் குறையும்; கடைமடைக்கு ஒரு தண்ணீர் கட்டாமல் போகும். மேலே விழுந்த பீடித்துண்டின் கணக்கைக் கீழே இருக்கும் நெல் வயல்தான் கட்டும்.

ஆகவே, தை மாதம் போங்கள். வெள்ளிமலையில் ஒரு படி சாமை வாங்கிக்கொண்டு இறங்குங்கள். அதை விதைத்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், நம் பக்கத்து மானாவாரி நிலத்துக்கும் ஏதாவது யோசனை கிடைக்கும்.