மாமாவின் பாஸ்வேர்டு

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல், மூன்றாம் ஆண்டு)

"பயாஸ் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? சீமாஸ் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் வெச்சிட்டுத் திரும்பப் போடு, சரியாயிடும்!" நம் விடுதியில் நேற்றுச் சேர்ந்த முதலாம் ஆண்டுத் தம்பிகூட இந்த வைத்தியத்தைச் சொல்லிவிடுவான். பழைய மேசைக் கணினிகளுக்குப் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் 2001-ல் வந்த ஐ.பி.எம். திங்க்பேட் டி23 என்ற மடிக்கணினிக்கு இந்த வைத்தியம் செய்தால் இல்லாத நோயும் வந்து சேரும். எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்தக் கணினியில் பாஸ்வேர்டு ஒன்றல்ல. போட்டவுடன் கேட்கிற 'பவர்-ஆன்' பாஸ்வேர்டு ஒன்று. பயாஸ் அமைப்புக்குள் நுழையக் கேட்கிற 'சூப்பர்வைசர்' பாஸ்வேர்டு இன்னொன்று. முன்னது பேட்டரியோடு போய்விடும். பின்னது போகாது. அது உட்கார்ந்திருப்பது அட்மெல் கம்பெனியின் 24ஆர்.எஃப்.08 என்கிற ஈஈப்ராம் சிப்பில். மொத்தமே 1024 பைட். நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையின் ஒரு பக்கம்கூட அதில் அடங்காது. ஆனால் மின்சாரம் இல்லாமலே பல்லாண்டு காலம் நினைவு வைத்திருக்கும். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மட்டும் வைத்திருந்தால், கணினி வழக்கம்போல எழும்பி வேலை செய்யும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பயாஸுக்குள் போக வேண்டிய தேவை வரும்வரை அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது. இந்த ஒரு வரியை நண்பர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். கதையே இதில்தான் இருக்கிறது.

நிற்க. என் தாய்மாமாவுக்குக் கோவை கணபதியில் ஒரு கடை. பன்னிரண்டுக்குப் பத்து அறை, பாதி இடத்தை இரும்பு ரேக்கு பிடித்துக்கொண்டது. எண்பதுகளில் டி.வி. மெக்கானிக், பிறகு நூற்பாலை இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சரிசெய்யும் வேலைக்கு மாறினார். மில்காரர்கள் அதைக் 'கார்டு' என்பார்கள். ஈப்ராம் கெட்டுப்போன கார்டு வந்தால், இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த நகல்களிலிருந்து எடுத்துப் புது சிப்பில் எழுதிக் கொடுப்பார். எழுதும் கருவி பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவது. விண்டோஸ் 98-ஐத் தாண்டி எதிலும் ஓடாது. அதற்காகவே 2009-ல் செகண்ட்ஹேண்டில் அந்த டி23-ஐ வாங்கினார். விற்றவர்களே விண்டோஸ் 98 போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அது எப்போதும் சுவர் மின்சாரத்திலேயே இருந்தது.

2022 ஆடி மாதம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. நல்லவேளையாக லேசானது. பேச்சு ஒரு வாரத்தில் திரும்பிவிட்டது, இடது கை மட்டும் சற்றுத் தளர்ச்சி. கடை மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. எல்லா ஒயரையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினார்கள். தீபாவளி கழித்துக் கடையைத் திறந்து கணினியைப் போட்டால், திரையில் 161, 163 என்று இரண்டு எண்கள். முதலாவது, சீமாஸ் பேட்டரி செத்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, தேதியும் நேரமும் போய்விட்டன என்று பொருள். தேதியைச் சரிசெய்ய பயாஸுக்குள் போக வேண்டும். போகப் பார்த்தால் ஒரு பூட்டுப் படமும் காலிக் கட்டமும்! புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை. போன தேதி போனதுதானே.

மாமா அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "நான்தான் எப்பவோ வெச்சிருப்பேன். மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

என்னடா, ஒரு பாஸ்வேர்டுக்கு இவ்வளவா என்று நினைப்பீர்கள். அத்தையும் அப்படித்தான் நினைத்தார்கள். "பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டா ஆச்சு" என்றார்கள். உண்மைதான். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, அவருடைய நகல்கள் அத்தனையும் பத்திரமாக இருப்பதை முதல் நாளே பார்த்துவிட்டேன். (ஹார்டு டிஸ்க்குக்குத் தனி பாஸ்வேர்டு உண்டு; அது வைக்கப்படவில்லை.) பிரிண்டர் போர்ட் உள்ள பழைய கணினியும் தேடினால் கிடைக்கும். மாமாவுக்குப் பிரச்னை அது இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். 2என்3055, பி.யூ.208, பி.சி.147 என்று வரிசையாக டிரான்சிஸ்டர் எண்கள். அவர் எதற்குப் பாஸ்வேர்டு வைத்தாலும் அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் எண்தான் வைப்பார். மூன்று தடவை தவறினால் கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். மூன்று மூன்றாகக் கோடு போட்டு நாலு பக்கம் எழுதியிருந்தார்.

"இதயே மறந்தவன் நாளைக்கு மில்லுக்காரன் கார்டுல எந்த சிப்ப எங்க மாத்தி வெப்பேனோ, யாரு கண்டா? அவன் மெசின் போச்சுன்னா? வேண்டாம் மாப்ள. தை மாசத்தோட கடைய முடிச்சுக்கறேன்."

அவர் தொடையைத் தட்டிக்கொண்டே சொன்னார், சிரித்த மாதிரிதான். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பி.யூ.208-க்கு எத்தனை வோல்ட் தாங்கும் என்று கேட்டேன். "ஆயிரத்தைந்நூறு" என்றார் பட்டென்று. அதைச் சொன்னதும் அவருக்கே எரிச்சல். "அதெல்லாம் பழசு, பழசு இருக்கும். இடையில வந்ததுதான் போயிருக்குது."

பராமரிப்புக் கையேட்டைப் பார்த்தேன். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் அதை நீக்க வழியில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று இருந்தது. ஆனால் சிப்புக்குள் இருப்பதைப் படிக்க முடியும் என்று பலர் செய்து காட்டியிருக்கிறார்கள். நாம் நாலாம் செமஸ்டரில் படித்த ஐ-ஸ்கொயர்-சி பஸ்தான். பிலிப்ஸ் கம்பெனி 1982-ல் கொண்டுவந்தது. கடிகாரத் துடிப்புக்கு ஒரு கம்பி, தகவலுக்கு ஒரு கம்பி, அவ்வளவே. பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்த சமாச்சாரம்!

துறையில் சாரிடம் அனுமதி கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ரசீது இருக்கா?" திருட்டு லேப்டாப்பைத் திறக்க நம் லேப் உதவக்கூடாது அல்லவா! மாமா 2009 ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் மைக்ரோபிராசசர் லேபில் சீரியல் போர்ட் உள்ள ஒரு பழைய கணினியை மாலை நேரத்தில் தந்தார்.

சர்க்யூட் மிக எளிது. சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். முனை கடிகாரத்துக்கு, டி.டி.ஆர். தகவல் அனுப்ப, சி.டி.எஸ். தகவல் வாங்க. ஆனால் சீரியல் போர்ட்டின் மின்னழுத்தம் கூட்டலில் பத்துப் பன்னிரண்டு வோல்ட்டுக்கும் கழித்தலில் அதே அளவுக்கும் ஊசலாடும். சிப்புக்கு அது ஆகாது. கம்பிக்கு ஒரு ஜீனர் டயோடும் மின்தடையும் போட்டால் மேலே ஏறுவது ஜீனர் அளவோடு நிற்கும், கீழே இறங்குவது அரை வோல்ட் சொச்சத்தோடு நிற்கும். டிப்ளமோ படித்தவனுக்கு ஜீனரால் உருப்படியான பயன் இருக்கிறது என்று அன்றுதான் கண்டேன்.

சிப்பைக் கழற்ற வேண்டியதில்லை. லேப்டாப்பைப் போட்டு, பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். அப்போது சிப்புக்கு மின்சாரம் மதர்போர்டிலிருந்தே வரும். கணினியும் சாவிக்காகக் காத்திருப்பதால் அந்த பஸ்ஸில் பேச்சு இருக்காது. முதலில் இரண்டு கணினிகளின் கிரவுண்டை இணைக்க வேண்டும், பிறகே மற்ற கம்பிகள்.

ஒரு பயமும் இருந்தது. இந்த 24ஆர்.எஃப்.08, சாதாரண 24சி08 மாதிரி சாது அல்ல. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸில் வெப்பநிலை பார்க்கும் எல்.எம்.சென்சார்ஸ் என்ற நிரல், பஸ்ஸில் யார் யார் இருக்கிறீர்கள் என்று தட்டிப் பார்த்ததிலேயே சில திங்க்பேட்களில் இந்தச் சிப் குழம்பி, உள்ளே இருந்தது அழிந்து, கணினியே எழும்பாமல் போயிருக்கிறது. பிறகு அந்த நிரல் திங்க்பேட் என்றால் தட்டாமல் ஒதுங்கும்படி மாற்றினார்கள். ஆகவே இந்தச் சிப்புக்கென்றே எழுதிய டாஸ் நிரலைத்தான் பயன்படுத்தினோம்.

மாமாவும் லேபுக்கு வந்திருந்தார். லென்ஸ் வைத்துச் சிப்பைக் கண்டுபிடித்ததே அவர்தான். கம்பியைப் பற்றவைக்க நான் சால்டரிங் அயர்னை எடுத்தேன். "தள்ளு" என்றார். இடது கையை மேசையில் ஊன்றி, வலது கையால் மூன்று சொட்டு ஈயம். நடுங்கவில்லை. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன்.

முதல் தடவை படித்ததில் எல்லாம் எஃப்.எஃப்., எஃப்.எஃப். என்றே வந்தது. கிரவுண்டுக் கிளிப் சரியாகக் கடிக்கவில்லை. இரண்டாம் தடவை எண்கள் வந்தன. மூன்றாம் தடவை படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஒரு பைட்கூட மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

பாஸ்வேர்டு இருக்கும் இடம் ஹெக்ஸ் 338. அதற்கு அடுத்து 340-ல் அதே மறுபடியும் இருக்கும். ஒன்று கெட்டால் ஒன்று. எழுத்தாகத் தேடினால் தெரியாது. ஆஸ்கி எண்ணில் இல்லாமல், விசைப்பலகையின் 'ஸ்கேன் கோடு' எண்ணில் எழுதி வைத்திருக்கிறார்கள். திரையில் 10, 1ஈ, 2சி, 11, 1எஃப், 2டி, பிறகு பூஜ்யம். அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். 10 என்றால் க்யூ. 1ஈ என்றால் ஏ. 2சி என்றால் இசட். பிறகு டபிள்யூ, எஸ், எக்ஸ்.

மாமா காகிதத்தில் எழுதிப் பார்த்தார். "இதென்ன வார்த்தை?"

வார்த்தையே இல்லை. விசைப்பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக முதல் வரிசை, அதற்குப் பக்கத்து வரிசை. பத்து விரலாலும் தட்டிப் பழகிய ஆபீஸ்காரர் யோசிக்காமல் இழுத்துவிட்ட பாஸ்வேர்டு. மாமா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுபவர்.

சார்தான் ரசீதை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினி என்று அதிலேயே இருந்தது. லேப்டாப்பைத் திருப்பினால் அடியில் சொத்து எண் ஒட்டியிருந்து சுரண்டி எடுத்த பசைத் தடம். முந்தைய உரிமையாளர் வைத்த பூட்டு அது. அதைப் பற்றிக் கேட்கச் சீமாஸ் பேட்டரி சாக வேண்டியிருந்தது. பேட்டரி சாக, மூன்று மாதம் ஒயரைப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு மாமா படுக்க வேண்டியிருந்தது. வரிசை அப்படி அமைந்துவிட்டதால், நோய்தான் ஞாபகத்தைத் தின்றுவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாமா போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டார். "இத நான் மறக்கலே. எனக்குத் தெரியவே தெரியாது. ஆமா. தெரியாததத்தான் இத்தன நாளு மறந்துட்டேன்னு உக்காந்திருந்திருக்கேன்." அந்தப் பக்கம் அத்தை என்ன சொன்னார்களோ, மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு எழுத்தையும் அவரே தட்டினார். பூட்டு திறந்தது. தேதியும் நேரமும் போட்டு, பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் காலியாக விட்டு நீக்கிவிட்டோம். "உம்ம டிரான்சிஸ்டர் ஒண்ணை வெச்சிக்கலாமே" என்றார் சார். "பூட்டே வேண்டாஞ் சார்" என்றார் மாமா. தை மாதம் வந்து போயிற்று. கடை இன்றும் திறந்திருக்கிறது. நான் போகும்போதெல்லாம் ரேக்கில் கார்டுகள் குறைந்தபாடில்லை.

அந்த ஜீனர் கேபிள் நம் மைக்ரோபிராசசர் லேபில் மூன்றாவது டிராயரில் இருக்கிறது. பிந்தைய மாடல்களில் பாஸ்வேர்டை மறைத்து எழுதிவிடுகிறார்கள், அங்கே இது செல்லாது. டி23 காலத்துக் கணினி வைத்திருப்பவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் வரலாம். மறக்காமல் ரசீதோடு!