புதுச்சேரி ஆர்க்டிக் போன கதை

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. அதன் தாவரப் பரவல் வரைபட வரிசையில் கன்னியாகுமரித் தாள் 1961-இல் வெளிவந்தது; ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து கிலோமீட்டர். தாளை மேசையில் விரித்தால் போதும், பார்ப்பவரிடம் என்ன மென்பொருள் இருக்கிறதென்று கேட்க வேண்டியதில்லை. அதே மாதிரி வரைபடத்தை இன்று சர்வரில் ஏற்றி ஊருக்கெல்லாம் கொடுக்க நினைப்பவருக்கு வேலையே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

2000-ஆம் ஆண்டிலேயே அதற்கு மூன்று வழிகள் திறந்துவிட்டன. நிரல்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் சோப் நெறிமுறையின் 1.1 பதிப்பு வெளிவந்தது, ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் பாணியை விளக்கினார், ஓஜிசி அமைப்பு வரைபடங்களுக்கென்றே டபிள்யூஎம்எஸ் தரத்தைக் கொண்டுவந்தது. சோப்பா ரெஸ்ட்டா என்ற சண்டையில் பல வருடம் போனது. சோப் கனமானதுதான். ஆனால் செய்திக்குள்ளேயே கையொப்பம் வைத்து அனுப்ப அதற்கென விதிகள் உண்டு. பணம் கைமாறும் இடத்தில் அந்தக் கனத்தைச் சுமக்கலாம். காட்டின் படத்தைக் காட்ட எதற்கு அது? எந்தப் படலம், எந்த எல்லை, எத்தனை பிக்சல் என்று ஒரே முகவரியில் கேட்டால் டபிள்யூஎம்எஸ் படத்தைக் கொடுத்துவிடும்.

அனுபவப்பட்டவர்கள் அஞ்சுவது அதன் பதிப்பு எண்ணுக்கு. உலகெங்கும் புழங்கும் இபிஎஸ்ஜி 4326 ஆயமுறையில் டபிள்யூஎம்எஸ் 1.1.1 தீர்க்கரேகையை முதலில் கேட்கும், 1.3.0 அட்சரேகையை முதலில் கேட்கும். புதுச்சேரி 11.93 வடக்கு, 79.83 கிழக்கு. எண்களை மாற்றிப் போட்டால் ஊர் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் வடமேற்குக் கரைக்குப் போய்விடும்; இந்தியாவின் ஹிமாத்ரி ஆர்க்டிக் நிலையத்துக்கும் வடக்கே சுமார் 100 கிலோமீட்டர்.

பிழைச் செய்தியும் வராது. சான் பிரான்சிஸ்கோ என்றால் 122 என்ற எண் அட்சரேகையாக இருக்கவே முடியாது, சர்வர் கண்டுபிடித்துவிடலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் 90-க்குள் அடங்கிவிடுவதால் தலைகீழ் எண்ணும் செல்லுபடியாகும். வருவது வெற்றுப் படம். பாவம், நிரலாளர் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்.

இந்த ஊருக்கென்று இன்னொரு வில்லங்கம். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் சேர்த்து யூனியன் பிரதேசத்துக்கு ஒரே எல்லைச் செவ்வகம் போட்டால் பெங்களூரும் சென்னையும் அதற்குள் வந்துவிழும். செவ்வகத்தை மட்டும் ஒப்பிடும் சேவையிடம் பெங்களூரைக் கேட்டாலும் புதுச்சேரி பதிலாக வரும். நான்கு பகுதிகளையும் தனித்தனி உருவாகப் பிரித்து வைப்பதே வழி.

கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருள் வைத்திருக்கும் ஆய்வாளருக்கு டபிள்யூஎம்எஸ் போதும். ஜியோசர்வர் என்ற சர்வர் மென்பொருள் அதன் இரண்டு பதிப்பையும் ஒருசேரக் கொடுக்கும். கைபேசிச் செயலி எழுதுபவருக்கு ஜியோஜேசன் என்ற தரவு வடிவம் சுலபம். 2016-இல் வந்த அதன் இணைய விதி தீர்க்கரேகையே முதலில் என்று அடித்துச் சொல்கிறது. புதுச்சேரி ஆயி மண்டபத்தின் புள்ளியை எல்லா வழியிலும் கேட்டுப் பார்த்த பிறகே முகவரியை வெளியே கொடுக்கலாம்.