எலுமிச்சை மரத்துக்குத் தண்ணி ஊத்த வேணாம்



நம்ம கோயில் பின்பக்கம் இருக்கிற எலுமிச்சை மரம் வாடி நிக்குது. துர்க்கை அம்மனுக்கு ராகு கால விளக்கு ஏத்த இந்த மரத்துக் காயைத்தான் பறிப்போம். இலை மஞ்சளா தொங்குறதைப் பார்த்து, மனசு கேக்காம பல பேர் போத்தல்ல தண்ணி கொண்டுவந்து ஊத்துறீங்க. உங்க பக்தி புரியுது. ஆனா மரம் தாகத்துல வாடலை. தண்ணி தேங்கி மூச்சு முட்டி நிக்குது.

வேருக்கும் காத்து வேணும். மண்ணுக்குள்ள காத்து இருக்க வேண்டிய இடத்தை மழைத்தண்ணி பிடிச்சுக்கிட்டா வேர் அழுக ஆரம்பிக்கும். அழுகின வேர் தண்ணியை இழுக்காது. அதனாலதான் ஈரத்துல நின்னுக்கிட்டே மரம் வாடுது. நான் ஃபேக்டரி சூப்பர்வைசர். மிஷின் நின்னா முதல்ல ஏன் நின்னுச்சுன்னு பார்ப்போம், எண்ணெயை அள்ளி ஊத்த மாட்டோம். இதுவும் அப்படித்தான்.

நம்ம கிள்ளான் பக்கம் தாழ்வான நிலம், களிமண். கடல் பொங்குற நேரத்துல மழையும் சேர்ந்தா லோங்காங் தண்ணி ஆத்துக்குப் போகாது. 2021 டிசம்பர் 18-ல ஸ்ரீ மூடா மூழ்கினதை மறக்க முடியுமா? அந்த மாதிரி தண்ணி நின்னா பப்பாளி ரெண்டு மூணு நாள்லயே போயிடும். பலாவும் தாங்காது. கொய்யா கொஞ்சம் சமாளிக்கும்.

எங்க அப்பா கேரித் தீவு தோட்டத்துல வேலை செஞ்சவர். அங்க கடல் தண்ணிக்கு வரப்பு, மழைத் தண்ணிக்குக் கால்வாய். இது ரெண்டும் இல்லைன்னா செம்பனையே நிக்காது. "முதல்ல தண்ணிக்கு வழி, அப்புறம்தான் மரம்"னு சொல்வார்.

நாம செய்ய வேண்டியது இதுதான்:

✅ மரத்தைச் சுத்தி, வேரை வெட்டாம கொஞ்சம் தள்ளி, ஒரு அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, சரிவா லோங்காங்கோட சேர்க்கணும்.
✅ மண் காயுற வரைக்கும் உரம் போடக்கூடாது. ஈர மண்ணை மிதிக்கவும் கூடாது, இறுகிடும்.
✅ அடிமரத்தை மூடி மண்ணைக் குவிக்கக்கூடாது, பட்டை அழுகிடும்.
✅ இனி புதுக் கன்னு வச்சா, ரெண்டு அடி உயரத்துக்கு மண்மேடு போட்டு அது மேல வைக்கணும்.

வர்ற ஞாயிறு காலை 7.30-க்கு கோத்தோங் ரோயோங். மண்வெட்டி இருக்கிறவங்க கொண்டு வாங்க. வெட்ட முடியாத பெரியவங்க, பசியாற ஏற்பாட்டைப் பார்த்துக்கிட்டா புண்ணியம்.

தண்ணி ஊத்தணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க, முன்னால இருக்கிற துளசி மாடத்துக்கு ஒரு சொம்பு ஊத்துங்க. எலுமிச்சைக்கு இப்போ வேணாம். பக்கத்துல யாராவது ஊத்துறதைப் பார்த்தா, கோவப்படாம விஷயத்தை எடுத்துச் சொல்லுங்க.

அம்மன் துணை 🙏