இணுவில்: தவில் பேசும் ஊர்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோமாயின், கொக்குவிலையும் தாவடியையும் கடந்ததும் இணுவிலை அடைவோம். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனைகளும் சூழ்ந்த ஊர் இது. புகையிலைச் செய்கைக்குப் பெயர் பெற்றது. கந்தசுவாமி கோவிலின் சிற்பவேலை மிகுந்த பெருமஞ்சமும் இதன் பெருமைகளுள் ஒன்று. ஆயினும், இசையன்பர் இவ்வூரை நினைப்பது தவிலின் பொருட்டேயாகும்.

பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது தவில். ஒரு பக்கத்தைக் கோலாலும், மறுபக்கத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் முழக்குவர். இக்கலையை ஏட்டில் படித்துக் கற்றல் அரிது; சொற்கட்டு வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து கைக்கும் இறங்குதல் வேண்டும். ஆகவே, இதற்கு முதற்பள்ளி வீடேயாகும். தந்தையோ மாமனோ வாசிக்க, அருகிலிருக்கும் சிறுவனின் விரல்கள் தாமாகவே தொடையில் தாளமிடத் தொடங்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டு இசைமேதை மோசார்ட், பியானோவின் மூதாதையான வாத்தியத்தைத் தமக்கை பயிலும்போது உடனிருந்து கேட்டே மூன்று வயதில் இசையில் மனம் பறிகொடுத்தான் என்பர்.

இணுவிலில் அத்தகைய தந்தையாக விளங்கியவர் தவில் வித்துவான் விசுவலிங்கம். அவருடைய மைந்தரே 1933ஆம் ஆண்டில் பிறந்த தெட்சணாமூர்த்தி. தந்தையின் முழக்கம் கேட்டு வளர்ந்த அவர், ஈழத்திலும் தமிழகத்திலும் பெரும்புகழ் ஈட்டினார். 1975இல், 42 வயது நிறையுமுன்னரே மறைந்தார். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் புகழ் மங்கவில்லை. அவரைப் பற்றி அம்ஷன்குமார் இயக்கிய ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதைப் பெற்றது.

திருவிழா இரவுகளில் இரு தவில்கள் ஒன்றற்கொன்று விடையிறுக்க, கோவில் வீதி மணலில் அமர்ந்து விடியுமளவும் கேட்டது நம் முன்னோர் வழக்கம். அம்மணலிலே தந்தையின் மடியில் கிடந்து கேட்ட பிள்ளைகளே பின்னாளில் நல்ல இரசிகராயினர்.

1995 அக்டோபர் இறுதியில் போர் காரணமாக வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தனர், ஊர்கள் வெறிச்சோடின. பலர் மீண்டனர், பலர் கடல் கடந்தனர். இன்று இலண்டனிலும் தொறொன்ரோவிலும் உள்ள ஆலயங்களில் தவில் முழங்குகிறது. கலை சுவரைப் பற்றி நிற்பதன்று, உறவைப் பற்றி நிற்பது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கைப்பேசியைத் தொட்டால் எந்த வித்துவானின் இசையும் இன்று கிடைக்கும். ஆனால் பிள்ளையின் முகம் பார்த்து, தாளம் தவறுமிடத்துப் புன்னகை செய்து, மீண்டும் அதையே வாசித்துக் காட்ட அக்கருவி அறியாது. அதற்கு ஓர் அப்பாவோ, அம்மம்மாவோ, மாமாவோ வேண்டும். பெற்றோர்களே, அடுத்த திருவிழாவில் மேளம் தொடங்கும்போது வீடு திரும்ப விரையாதீர்கள். பிள்ளையை அருகிருத்திச் சிறிது நேரம் கேளுங்கள். மாணவர்களே, உங்கள் குடும்பத்தில் வாசிப்பவரோ பாடுபவரோ இருப்பின், அவர் பக்கத்திற் சென்று அமருங்கள்.