மூணாவது பின்

என் எழுதும் மேசையில் பேனாவைச் சாய்த்து வைக்க ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. அகலமான வளையலை நடுவில் அறுத்தது போல இருக்கும். வெளிப்பக்கம் இரும்பு. உட்பக்கம் சாம்பல் நிறம், நடுவில் மட்டும் செம்பு நிறத்தில் தேய்ந்த ஒரு திட்டு. வீட்டுக்கு வருகிற நண்பர்கள் எடுத்துப் பார்த்து, "இது என்ன சார்?" என்பார்கள். "பழைய கார் பேரிங்" என்று சொல்லிப் பேச்சை மாற்றி விடுவேன். முழுவதும் சொன்னால் என் குட்டும் வெளிப்பட்டு விடும். எழுபது தாண்டிவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எழுதி விடுகிறேன்.

1997-ம் வருடம். மாமனார் காலமான பிறகு அவருடைய அம்பாசடர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மார்க் 3, 1976 மாடல். கிளார்க் சம்பளத்தில் அதற்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஒரு சுற்றுப் போய் வருவோம். ஒரு நாள் சிறுமலைக்குப் போனோம். நத்தம் ரோட்டில் ஒழுங்காக வந்த வண்டி, மலை ஏற ஆரம்பித்ததும் அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் கொடுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடும், காலை எடுத்தால் குறையும். நாலாவது கொண்டை ஊசி வளைவிலேயே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பெண் கல்லூரியில் சேரும் வருடம் அது. வண்டியை விற்றுத்தான் பணம் கட்ட வேண்டும். ஒரு ஷெட்டில் காட்டினேன். "கிராங்க் வேலை சார். எஞ்சினை இறக்கணும். விக்கிற வண்டிக்கு எதுக்குச் செலவு? கெட்டியான ஆயிலா ஊத்துங்க, சத்தம் அடங்கிரும். ஒரு மாசம் தாங்கும்" என்றார் அங்கிருந்தவர். என் மச்சினனும், "எல்லாரும் பண்றதுதானே மாமா. வாங்குறவன் பாத்துக்குவான்" என்றான்.

ஊற்றினேன். சத்தம் அடங்கியது. அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கமும் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சின்னாளபட்டியிலிருந்து ஒரு பையன் வந்தான். தறிக்காரக் குடும்பம். அதுவரை அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன், சொந்தமாக வாடகைக்கு விடப் போகிறானாம். 38,000 ரூபாய்க்குப் பேசி, 2,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தான். "அம்மா தோட்டை வச்சிருக்கேன் சார். மொத சவாரி அவுகளத்தான் பழனிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றான். நான் தலையாட்டினேன். மறுநாள் காலையில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வந்தவர் பேகம்பூர் பக்கம் ஷெட் வைத்திருந்த ஒரு பாய். அறுபது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். சத்தமே இல்லை. எனக்கு நிம்மதி. அவர் அணைக்கவில்லை. "ஓடட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். என் மனைவி கொடுத்த காபியை ஆற அமரக் குடித்தார். இருபது நிமிடம் போனது. எஞ்சின் சூடேறியது. சூட்டில் ஆயில் இளகியது. 'டொக் டொக்' மெதுவாகத் திரும்பி வந்தது.

பாய் எழுந்து போய் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்தச் சிலிண்டரில் நெருப்பு இல்லாவிட்டால் அந்த பேரிங்குக்கு அடி இல்லை, அதனால் சத்தமும் இல்லை. ஆயில் கம்பியை உருவி, ஒரு சொட்டை விரல் நடுவே வைத்துத் தேய்த்தார்.

"ஆயில் எப்ப சார் மாத்துனீங்க?"

"போன வாரம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையனைப் பார்த்து, "நீ போயி வெத்தல வாங்கிட்டு வா" என்றார். அவன் தெருமுனை திரும்பியதும் என்னிடம், "நான் சொல்லவா சார், நீங்க சொல்றீங்களா?" என்றார்.

ஆபீஸில் எத்தனையோ விளக்கக் கடிதம் எழுதியவன் நான். அன்று இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பையன் வெற்றிலையோடு வந்தான். சொன்னேன். அவன் கோபப்படவில்லை. வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. 2,000 ரூபாயை எடுத்து நீட்டினேன். பாய்தான் குறுக்கே வந்தார். "பாடி நல்லா இருக்கு. கியர்பாக்ஸ் நல்லா இருக்கு. எஞ்சினை இறக்கிச் செஞ்சா வண்டி நிக்கும்" என்றார். செலவு என்னுடையது, விலை பேசியபடி, வேலை நடக்கும்போது பையன் கூடவே இருப்பான் என்று முடிவாயிற்று. நானும் நாலு நாள் லீவு போட்டுவிட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்தேன்.

நம்மில் பலர் அம்பாசடரில் போயிருப்போம், அதன் வயிற்றுக்குள் பார்த்தவர்கள் குறைவு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

செயின் பிளாக்கை இரும்பு கர்டரில் மாட்டி எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் டிசைன். ஆயிலை ஒரு தட்டில் வடித்தபோது அதில் ஜரிகைத் தூள் போல ஏதோ மினுங்கியது. பாய் அதில் காந்தத்தை விட்டுக் காட்டினார். ஒட்டவில்லை. "இரும்பு இல்ல சார். பேரிங்கு கரைஞ்சு வந்திருக்கு."

எஞ்சினைக் குப்புறப் போட்டு அடியில் இருந்த ஆயில் சம்பைக் கழற்றியதும் கிராங்க் தெரிந்தது. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கிராங்குக்கு பிரெஞ்சில் 'வில்ப்ரகேன்' என்று பெயர். தச்சர்கள் நெஞ்சில் அண்டக் கொடுத்து, நடுவளைவைப் பிடித்துச் சுற்றித் துளை போடுவார்களே, அந்தக் கருவிக்கும் அதே பெயர்தான். பார்த்ததும் பெயர்ப் பொருத்தம் புரிந்தது. அப்படி நான்கு வளைவுகளை ஒரே தண்டில் வார்த்தது போல இருந்தது. பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுவது இந்தத் தண்டுதான். அந்த எஞ்சினில் அதைத் தாங்குபவை மூன்று மெயின் பேரிங்குகள். பிஸ்டனிலிருந்து வரும் கனெக்டிங் ராடு ஒவ்வொன்றும் ஒரு 'பின்'னைப் பிடித்திருக்கும். அங்கே நான்கு பேரிங்.

கழற்றும் முன் பாய் ஒவ்வொரு ராடிலும் அதன் மூடியிலும் புள்ளி குத்தினார். முதலாவதுக்கு ஒரு புள்ளி, நாலாவதுக்கு நான்கு. "ராடையும் மூடியையும் ஒண்ணாப் பூட்டித்தான் கம்பெனியில கடைஞ்சிருப்பான். ஒண்ணோட மூடிய இன்னொண்ணுக்குப் போட்டா வட்டம் வட்டமா இருக்காது" என்று பையனுக்கு விளக்கினார். நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டுக்கு அடுத்த பூட்டின் சாவி சேராதது போலத்தான்.

மூன்றாவது மூடியைக் கழற்றினார். என் மேசையில் இருக்கும் பேரிங் அதிலிருந்து வந்ததுதான். மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. இந்த பேரிங்குக்கு பிரெஞ்சில் 'கூசினே', அதாவது சின்ன மெத்தை. சரியான பெயர். இரும்புத் தகட்டின் மேல் மெதுவான உலோகத்தைப் பூசியிருப்பார்கள். தூசி துரும்பு வந்தால் அதில் புதைந்துகொள்ளும், தண்டில் கீறல் விழாது. விலை உயர்ந்த தண்டைக் காப்பாற்ற விலை குறைந்த மெத்தை தேயும். 1839-ல் அமெரிக்காவில் ஐசக் பாபிட் என்பவர் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்து இப்படி ஒரு உலோகம் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

"ஓடும்போது தண்டு பேரிங்கைத் தொடாது சார். ஆயில் மேல மெதக்கும்" என்றார் பாய். நான் நம்பவில்லை. பிற்பாடு படித்தபோதுதான் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. 1883-ல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதித்தார். எண்ணெய் விட மேலே ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் அதன் வழியே வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார். தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்தார். அதையும் தள்ளியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன் அடியில் இழுத்து, தன்னையே தூக்கிக்கொள்ளும் அளவுக்கு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடம் கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணக்கு எழுதினார்.

அந்த எண்ணெய்ப் படலத்துக்கு இடைவெளி சரியாக இருக்க வேண்டும். தண்டின் விட்டம் ஒரு அங்குலம் என்றால் இடைவெளி ஒரு தவுசண்ட், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது பாய் சொன்ன பொதுக் கணக்கு. பின்னின் விட்டம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, இரண்டு தவுசண்டுக்குள் இருக்க வேண்டும். நாங்கள் ஆபீஸில் எழுதிய தாளின் தடிமனே ஏறக்குறைய நான்கு தவுசண்ட். அதில் பாதி!

மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு பின்னையும் இரண்டு திசையில் அளந்தார். பையன் ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, நான்கு சரி. மூன்றாவது, ஒரு திசையில் மூன்று தவுசண்ட் குறைவு. வட்டம் முட்டை வடிவம் ஆகிவிட்டது. புது பேரிங் மட்டும் போட்டால் அதையும் சீக்கிரம் தின்றுவிடும்.

காரணத்தையும் கண்டுபிடித்தார். தண்டுக்குள்ளேயே மெயின் பேரிங்கிலிருந்து பின்னுக்கு ஆயில் போகத் துளை உண்டு. மூன்றாவது பின்னுக்குப் போகும் துளையில் கம்பியை விட்டார். தார் போல அழுக்கு வந்தது. "பாதி அடைப்பு. அதுல நீங்க கெட்டி ஆயில வேற ஊத்திட்டீங்க. இந்தச் சந்துல அது எப்படிப் போகும்? சத்தத்தத்தான் அடக்குச்சு, பின்ன காப்பாத்தல" என்றார். அந்த ஒரு வாரத்தில் என்னால் எவ்வளவு தேய்ந்ததோ! நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிராங்கைக் கடைய மதுரைக்குக் கொண்டு போக வேண்டும். நானும் பையனும் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினோம். படுக்க வைத்தால் வளைந்துவிடும் என்று பாய் பயமுறுத்தியிருந்ததால், ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிமிர்த்தியே வைத்திருந்தோம். கண்டக்டர், "என்னய்யா, சாமி சிலையா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டுத்தான் விட்டார். அதுவரை என்னோடு அளந்தே பேசிய பையன் அப்போதுதான் முதல் தடவை சிரித்தான்.

எல்லாப் பின்னையும் ஒரே அளவாக இருபது தவுசண்ட் குறைத்துக் கடைந்தார்கள். அதற்குத் தக்க இருபது அண்டர்சைஸ் பேரிங் வாங்கினோம். திரும்பி வந்ததும் பாய் செய்த முதல் வேலை, துளைகளைத் திரும்பவும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியது. கடைந்த துகள் ஒன்று உள்ளே இருந்தாலும் புது பேரிங் பாழ்.

மாட்டும் வேலை கழற்றியதைவிட நிதானமாக நடந்தது. பேரிங்கின் முதுகும் அது உட்காரும் இடமும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும், முகத்தில் மட்டும் ஆயில். பேரிங்கில் இருக்கும் சின்ன நாக்கு பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். நடு பேரிங்கின் இரு பக்கமும் தண்டு முன்னும் பின்னும் நகராமல் இருக்க அரை வட்ட வாஷர்கள். அந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மூடியையும் டார்க் ரெஞ்சால் முடுக்கியதும் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். இறுகினால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேட வேண்டும். எல்லாம் முடித்துவிட்டுச் சேர்த்துத் தேடக்கூடாது. கடைசி மூடி முடிந்ததும், "நீ சுத்துடா" என்றார். பையன் சுற்றினான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. "சார், நீங்களும்" என்றார். சுற்றினேன்.

எஞ்சினை ஏற்றிய பிறகும் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி, ஆயில் எல்லா இடத்துக்கும் போன பிறகுதான் சாவியைத் திருகினார். அரை மணி நேரம் ஓடியது. சத்தம் இல்லை. "ஆயிரம் கிலோமீட்டருக்கு அம்பதுக்கு மேல ஓட்டாத. செறுமல பக்கமே போகாத" என்று பையனிடம் சொல்லி அனுப்பினார்.

எனக்கு 5,400 ரூபாய் செலவு. பெண்ணின் ஃபீஸுக்கு மனைவியின் வளையலை அடகு வைத்தேன். ஒரு வருடத்தில் மீட்டேன்.

பையன் அந்த வண்டியை ஒன்பது வருடம் ஓட்டினான். 2002-ல் என் பெண் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் வந்தது. வாடகை வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான். 2014-ல் அம்பாசடர் தயாரிப்பே நின்றது. 2017-ல் அந்தப் பெயரை பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்று பேப்பரில் படித்தபோது, பிரெஞ்சு படித்தவன் என்ற முறையில் எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் இப்போது இல்லை. அந்த பேரிங்கை அவர்தான், "வச்சுக்குங்க சார்" என்று என் கையில் கொடுத்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பையனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. வேன் வைத்திருக்கிறான். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பான். போன மாதமும் விசாரித்தான். "படி ஏறும்போது டொக்குனு சத்தம் வருதுப்பா" என்றேன்.

"கெட்டி ஆயில் ஊத்திராதீக சார். டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான்.