மாமாவின் புதுக் குடல்

தோழிகளே, எங்க மாமாவுக்குக் குடல் முறுக்கி அழுகிவிட்டது. போன வருடம், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுகுடலைப் பொருத்தினார்கள். முகம் தெரியாத அந்தக் குடும்பத்தை நாங்க தினமும் நினைப்போம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நெய், எண்ணெய் கூடாது என்றார் டாக்டர். "கொழுப்பே இல்லாம எப்படித் தேறுவாரு?" என்று அத்தை அழுதாங்க. நான் அறிவியல் புத்தகத்தில் குடலுறிஞ்சி படத்தைக் காட்டினேன். சர்க்கரையும் புரதச் சத்தும் ரத்தக் குழாயில் போகும். கொழுப்பு பெரும்பாலும் நிணநீர்க் குழாயில் போகும். டாக்டர்கள் ரத்தக் குழாயைத்தான் தைப்பாங்க. நிணநீர்க் குழாய் தானாகவே வளர்ந்து சேரணும், அதுக்குச் சில வாரம் ஆகும். (இது நம்ம புத்தகத்தில் இல்லை, டாக்டர் சொன்னது!)

38 கிலோ இருந்த மாமா இப்போ 44. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாதாம். நெய் தோசை கேக்குறார். அத்தைதான் இன்னும் சொட்டுச் சொட்டா ஊத்துறாங்க.